தண்டியைத் தூத்துக்குடியில் குறித்தவள்

மாரிக்கனி பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்கில் தோற்றாள். தமிழில் எழுபத்தொன்று, கணக்கில் ஐம்பத்தெட்டு, வரலாறு புவியியலில் மட்டும் முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். 1988ஆம் வருடம் அது.

அருப்புக்கோட்டைப் பக்கம், பரளச்சிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் அவளுக்கு. அப்பா பால்ச்சாமியும் அம்மா அழகுத்தாயும் மழை பெய்தால் மல்லி, மிளகாய்க் காடுகளில் கூலிக்குப் போவார்கள். தை பிறந்ததும் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சின்ன வயதில் மகளையும் கூட்டிக்கொண்டு போனதில் அவள் பள்ளியில் சேரவே மூன்று வருடம் தாமதமானது. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது வயது பதினெட்டு. அதே தெருவில் ராஜேஸ்வரி என்று ஒரு பெண். அவளும் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவள்தான். இருவரும் சேர்ந்து நாலு கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வந்தார்கள்.

பத்தாம் வகுப்பு தொடங்கிய ஆடி மாதம் வரலாற்று ஆசிரியர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஐப்பசி வரைக்கும் அந்தப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். அரைப் பரீட்சை நெருங்கியதும் தலைமை ஆசிரியர் விழித்துக்கொண்டு, விளையாட்டு ஆசிரியர் சௌந்தரபாண்டியனை வகுப்புக்கு அனுப்பினார். அவர் கழுத்தில் விசிலோடு வந்து நின்றார்.

"பென்சிலை எடுங்க. நான் சொல்ற வரியில கோடு போடுங்க. கோடு போட்டதை மட்டும் படிச்சாப் போதும்."

பிளாசிப் போரிலிருந்து சுதந்திரம் வரை பதினோரு நாளில் கோடு போட்டு முடித்தார்கள். ஏன் சண்டை வந்தது, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதெல்லாம் கோட்டுக்கு வெளியே கிடந்தன. மாரிக்கனிக்கு அந்த இடங்கள்தான் படிக்கப் பிடித்தன. கை தூக்கினால் சார், "அது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்பார்.

இந்திய வரைபடத்தில் ஐந்து ஊர்களைக் குறிக்கச் சொல்லி ஒரு கேள்வி நிச்சயம் வரும். வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அதன் இடப்பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. பம்பாய்க்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான். புத்தகத்தில் இருந்த சிறிய படத்திலோ மை அப்பிப் பெயர்கள் தெரியவில்லை.

"சார், தண்டி எங்க சார் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கடக்கரையில."

"எந்தக் கடக்கரை சார்?"

சௌந்தரபாண்டியன் கிழிந்த படத்தை ஒருதரம் பார்த்தார். "உப்பு எடுக்கத்தான போனாக? உப்பு விளையிற கடக்கரையாப் பாத்து வச்சுக்க."

வகுப்பு சிரித்தது. மாரிக்கனி சிரிக்கவில்லை. உப்பு விளையும் கடற்கரை அவளுக்கு நன்றாகத் தெரியும். வெடித்த பாதத்தோடு அங்கே பாத்தி மிதித்தவள் அவள். பரீட்சையில் தண்டி வந்தது. தயக்கமே இல்லாமல் தூத்துக்குடியில் புள்ளி வைத்துப் பெயரும் எழுதினாள். அந்தத் தைரியத்தில் மற்ற ஊர்களையும் கிழக்குப் பக்கமாகவே நகர்த்தினாள். ஐந்தும் தப்பு.

ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பர் இல்லை. ராஜேஸ்வரி நம்பர் இருந்தது. பிறகு வந்த மார்க் ஷீட்டில் வரலாறு புவியியலில் அவளுக்கு முப்பத்தாறு.

"தண்டியை எங்கடி வச்ச?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"எனக்கு எங்க தெரியும்? தெரியாத ஊரையெல்லாம் இடப்பக்கமா வச்சேன். நம்ம படத்துல இல்லாத ஊரு எல்லாம் அங்கதான இருக்கணும்?"

மாரிக்கனிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. திரும்ப எழுத என்ன செய்யணும் என்று விசாரிக்க அருப்புக்கோட்டையில் ஒரு டுடோரியலுக்குப் போனாள். அங்கே சுவர் நிறைய முழு இந்தியா தொங்கியது. மேற்குக் கடலோரம், குஜராத்தில், சின்ன எழுத்தில் தண்டி. வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். மறுநாள் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் மைதானத்தில் சௌந்தரபாண்டியனைப் பிடித்தாள்.

"சார், தண்டி குஜராத்துல இருக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியாதும்மா. பந்தைக் குடுத்துப் பாடம் எடுன்னா எடுப்பேன். புது மேப்பு கேட்டு ரெண்டு தடவை எழுதிப் போட்டாச்சு. வரல."

"தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் வேற யாருகிட்டயாவது கேட்டிருப்பேன்ல சார்?"

அவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினார். அவரைத் திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் அவள் வீடு திரும்பினாள்.

அக்டோபர் பரீட்சைக்கு டுடோரியல் படத்தைப் பார்த்து வரைந்து வைத்த தாளோடு வெறியாகப் படித்தாள். கோட்டுக்கு வெளியே இருந்ததையும் படித்தாள். பரீட்சை மையம் அருப்புக்கோட்டை. அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டிரைக். விடியலில் கிளம்பி நடந்தும், வழியில் ஒரு பருத்தி லோடு லாரியில் தொற்றியும் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம்.

"அரை மணிக்கு மேல விடக் கூடாதும்மா. ரூல்ஸு" என்றார் வாசலில் நின்றவர்.

"பஸ்ஸு ஓடாதது என் தப்பா சார்?"

"என் தப்பும் இல்லையே."

வேப்ப மரத்தடியில் பரீட்சை முடியும் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த பெண்ணிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாள். எல்லாமே தெரிந்த கேள்விகள்.

1989 பிப்ரவரியில் அவர்கள் ஊருக்குப் பால்வாடி வந்தது. டீச்சர் வேலைக்கு உள்ளூர்ப் பெண்ணாக இருக்கவேண்டும், பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். ஊரில் பாஸானவள் ராஜேஸ்வரி ஒருத்திதான், வேலை அவளுக்குக் கிடைத்தது. மாரிக்கனி அடுத்த மாதம் எழுதி அறுபத்தெட்டு மார்க் எடுத்தாள். சர்டிபிகேட்டைப் பார்த்துப் பால்ச்சாமி, "இதை இப்ப என்ன செய்ய?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். அட்டையைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு ஒருதரம் பஸ் ஏறினாள். ஒரு இன்டர்வியூ கார்டுகூட வரவில்லை. நடுவில் பாண்டிராஜ் என்ற லோடுமேனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அதே ஊர்க்காரன், நல்ல மனுசன். 1995இல் ஒரு ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்க் கேட்டாள்.

"எண்பத்தெட்டு டிசம்பர் வரைக்கும் பதிஞ்சவுகளுக்குத்தான் இந்தத் தடவை. நீங்க எண்பத்தொம்பது" என்றார் கிளார்க்.

"ரெண்டு மார்க்கு சார்" என்று அவள் வாயில் வந்துவிட்டது.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

மறு வருடம் பால்வாடியில் சமைத்துக்கொண்டிருந்த சோலையம்மாள் ஓய்வு பெற்றாள். ராஜேஸ்வரி வீடு தேடி வந்தாள்.

"ஆயா வேலை காலியா இருக்கு. உன்னைச் சொல்லட்டுமா?"

"உனக்குக் கீழயா?"

"கீழ என்னடி மேல என்ன? ஒண்ணா நடந்துதான படிச்சோம்?"

"ஒண்ணாத்தான் நடந்தோம். போ, எனக்கு வேணாம்."

மூன்று வாரம் வீம்பாக இருந்தாள். அந்த வருடம் மழை பொய்த்துக் காட்டில் வேலையே இல்லை. நாலாவது வாரம் அவளே போய், "எழுதிக் குடு" என்றாள். ராஜேஸ்வரி பேப்பரை எடுத்தாள்.

சமையல், பிள்ளைகளுக்கு முகம் துடைப்பது, கூட்டுவது எல்லாம் மாரிக்கனி பாடு. ராஜேஸ்வரிக்கு ரிப்போர்ட் எழுத வராது என்பதால் அதையும் மதியம் இவளே எழுதுவாள். கீழே கையெழுத்து ராஜேஸ்வரியுடையது.

ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த அம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எழுத்து ரொம்ப நல்லா இருக்கே, யாரு எழுதினது?" என்று கேட்டார்.

ராஜேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு மாரிக்கனியைக் காட்டினாள்.

"நீங்களா? எவ்வளவு படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது பாஸு மேடம்."

"அப்புறம் ஏன் ஆயா வேலைக்கு வந்தீங்க?"

பிளாசியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. கேட்பவருக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

"லேட்டாப் பாஸானேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, அடிப்பிடிக்கத் தொடங்கிய சோற்றை இறக்க உள்ளே போனாள்.