ஜாக்கிக்கு அடியில் ஒரு கல்

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய சேதி மட்டும் தினமும் இருந்தது. அதற்குத்தான் நான் இருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பதவி என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். நிலத்தைப் பாகம் பிரித்தபோது வாய்க்கால் தலைப்பில் இருந்த வயல் பெரியப்பாவுக்குப் போயிற்று, கடைசியில் இருந்தது அப்பாவுக்கு வந்தது. தண்ணீர் குறைந்த ஒரு வருடம் பெரியப்பா மடையைத் திறந்துவிடத் தாமதம் செய்தார். அப்பாவின் குறுவை காய்ந்து சருகாயிற்று. அன்றிலிருந்து அப்பாவின் வாயில் 'அண்ணன்' என்ற சொல் வரவில்லை. என்னிடம் 'உங்க பெரியப்பா' என்பார். பெரியப்பா பதிலுக்கு 'உங்கப்பன்' என்பார்.

எல்லாவற்றையும் பிரித்தவர்கள் தாத்தாவின் அம்பாசிடரை மட்டும் பிரிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அது நெல் கொட்டகையில் எலிகளுக்கு வீடாக நின்றது. சென்னையில் வேலை பார்த்த அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அதன் நினைவே வந்தது. அத்தை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா கார்லதான் போவேன். ரெண்டு அண்ணனும் முன்சீட்டுல சேந்து உக்காந்து வரணும். இல்லன்னா நான் ஆட்டோ புடிச்சுப் போயிக்கறேன்." அவள் செய்யக்கூடியவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கும்பகோணத்திலிருந்து வந்த பெயிண்டர் மட்கார்டுக்குள் விரலை விட்டு இழுத்தார். விரல் கரியாக வெளியே வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் துரு பிடிக்காமலிருக்க வண்டியின் அடிவயிறெல்லாம் கிரீஸை அப்புவது தாத்தாவின் வழக்கம். பழையதைத் துடைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சேறும் பதரும் சேர்ந்து அது அடை மாதிரி கனத்துக் கிடந்தது.

"கிரீஸ் மேல பெயிண்ட் நிக்காதுங்க. கொப்புளமா உரிஞ்சு வந்துரும். ஞாயித்துக்கிழமை வர்றேன். பிசுக்கு இருந்துச்சுன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன்" என்றார் பெயிண்டர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு வேறு நாளும் இல்லை.

மெக்கானிக் யாரையாவது கூப்பிடலாமே என்றாள் அம்மா. தாத்தாவின் வண்டியை வேற்றாள் தொடக்கூடாது என்பதில் மட்டும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே கட்சி. சனிக்கிழமை காலையிலேயே இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார்கள்.

மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை அடிக்க வேண்டும். அப்பா முன்பக்கம், பெரியப்பா பின்பக்கம். நடுவில் ஒரு கதவின் அகலம்தான் இருக்கும். "பிரஷ்ஷக் கேளு." "தேய்ச்சிட்டுத் தர்றேன்னு சொல்லு." நான் அந்த அகலத்தை நடந்து நடந்து கடந்தேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆனால் அன்று இருவர் குரலும் சரியில்லை. மண்ணெண்ணெய் நெடியில் எனக்குத் தலை வலித்தது. எந்த நேரத்திலும் சண்டை மூளும் போலிருந்தது.

மத்தியானம் பெரியப்பா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். காலையிலிருந்து அடித்த தண்ணீரில் கொட்டகையின் மண்தரை ஊறிப்போயிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"பாப்பா, தரை நெகிழ்ந்து கெடக்கு. ஜாக்கிக்கு அடியில கருங்கல்ல வைக்கச் சொல்லு உங்க பெரியப்பாவ."

நான் குனிந்து, "பெரியப்பா, தரை நெகிழ்ந்து கெடக்காம். ஜாக்கிக்கு அடியில கருங்கல்ல வைக்கச் சொல்றாங்க அப்பா" என்றேன்.

சுரண்டும் சத்தம் கொஞ்சம் நின்றது. "இந்த வண்டிய எனக்கும் தெரியும்னு உங்கப்பன்கிட்ட சொல்லு."

சொன்னேன். கருங்கல் வாசலருகே சும்மா கிடந்தது. அப்பாவே எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் முன்பக்கத்தை விட்டு நகரவில்லை. கை தேய்த்துக்கொண்டிருந்தாலும் கண் மட்டும் ஜாக்கி மேலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அம்மா வெந்நீருக்குக் கூப்பிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது கொட்டகைக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். ஜாக்கி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்து என்னைத்தான் தேடினார்.

"பாப்பா, உங்க பெரியப்பாவ..."

நான் வாசலில் இருந்தேன். அப்பாவின் முகம் மாறிய மாற்றத்தை நான் மறக்க மாட்டேன்.

"அண்ணே! வெளிய வாண்ணே! அண்ணே!"

கத்திக்கொண்டே பாய்ந்து பெரியப்பாவின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் அவரும் மல்லாக்க விழுந்தார். வண்டி தொம்மென்று உட்கார்ந்தது. பெரியப்பாவின் தலை இருந்த இடத்தில் பிரேக் டிரம் சேற்றில் புதைந்து கிடந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. வாளியை எப்போது கீழே வைத்தேன் என்றும் தெரியாது.

இருவரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பெரியப்பாவின் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கல்ல வையின்னு அப்பவே சொன்னேன்ல? ஏண்ணே கேக்கல?"

பெரியப்பா லுங்கியால் முகத்தைத் துடைத்தார். கிரீஸ் இன்னும் பரவியதுதான் மிச்சம்.

"நீ எங்கடா சொன்ன? பாப்பால்ல சொன்னா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஜாக்கியைத் தூக்கி நிறுத்தி, அடியில் கருங்கல்லைப் போட்டு, பக்கத்திலும் கல் அடுக்கினார்கள். இந்தத் தடவை அப்பா உள்ளே போனார். பெரியப்பா ஜாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். "அதான் கல்லு இருக்கே பெரியப்பா, எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரின் விரல் சுத்தமாக வெளியே வந்தது. அத்தையும் அந்த வண்டியில்தான் போனாள், முன்சீட்டில் இரண்டு அண்ணன்களும். எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் நான் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் சேதி சொல்லி அனுப்பவில்லை. போதாததற்குப் பெரியப்பா என் மேல் பழி போட்டுவிட்டார் என்ற ஆத்திரம் வேறு. அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நான் சொல்லியிருந்தேன். அதில் பெரியப்பாவுக்கு என்ன குறைந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.