பதினேழாம் எண் வீட்டுக்கு ஒரு தகடு

மத்திய ஆசியச் சிறுநகரான டோக்மோக்கை விட்டு நான் கிளம்பிய அக்டோபர் செவ்வாய்க்கிழமைதான் எங்கள் சந்தில் குடிநீர்க் குழாய்க்குக் குழி தோண்டும் நாள். விடிந்ததிலிருந்து ஜூராகான் அக்கா வாசல் கதவுகளைக் கடைசி முறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். "காரை வெளிய எடுத்தாச்சா? இல்லேன்னா மூணு நாளைக்கு உன் கார் கோழியோட கோழியா உள்ளயே அடைஞ்சு கிடக்கும்!"

குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு அறிவிப்பு ஒட்டுவது மட்டும்தான் வேலை. ஒட்டுவார், ஆனால் நம்பமாட்டார். "காயிதத்தை எவன் படிக்கிறான்? சூரியகாந்தி வெதை மடிக்கத்தான் கிழிக்கிறான்." அதனால் வீடு வீடாகப் போவார். ஐம்பத்து மூன்று வயது. ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு. யார் வீட்டில் படுத்த படுக்கை, யார் வீட்டில் மாடு, எங்கே கல்யாணம் எல்லாம் அதில் ஏறும்.

இங்கே வாசலுக்கு வந்தவர் ஒரு துண்டு ரொட்டியாவது வாயில் போடாமல் திரும்ப முடியாது. நாற்பது வீடென்றால் நாற்பது துண்டு. "தண்ணி நிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு கிலோ ஏறுது" என்பார்.

ரொட்டித் தட்டை எடுத்துவருவது மருமகளின் வேலை. ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பதினேழாம் எண் வீட்டில் மாமியார் உல்கானே தட்டோடு வந்தார்.

"மருமக எங்க?"

"தூங்குறா."

"ஆஸ்பத்திரி, அவசரம்னு ஏதாவது இருக்கா? வண்டி வர முடியாது, பாத்துக்க."

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாருக்கோம்."

காலை பத்து மணிக்குத் தூங்கும் மருமகளை அந்தச் சந்தில் நான் பார்த்ததே இல்லை. நாலு வீடு தள்ளி வந்ததும் அக்கா என் காதைக் கடித்தார். "மருமகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிருச்சு. ரெண்டு மாசமா புள்ளைய வெளிய விடல. கண்ணு பட்டுரும்னு மாமியாக்காரி வாயத் தொறக்கமாட்டா. குழி வெட்டினப்புறம் வலி எடுத்தா ஆம்புலன்ஸ் என்ன பறந்தா வரும்?"

நோட்டில் பதினேழுக்கு நேரே 'மாடு' என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, குழியின் மேல் வண்டி கடக்கப் போடும் இரும்புத் தகடு இரண்டுதான் வந்திருந்தது. ஒன்று கடை வாசலுக்கு. இன்னொன்று சந்து முனைக்கு என்றார் மேஸ்திரி ஷார்ஷென்.

"பதினேழாம் நம்பர் வாசல்ல எறக்கு."

"அங்க எதுக்குக்கா?"

"மாடு இருக்கு."

"அந்த வீட்டுல ஏது மாடு? நேத்துதான் டீ குடிச்சிட்டு வந்தேன்."

"நாளைக்கு வாங்குவாங்க."

"மாடு கார்லயா போகும்?"

"உங்க ஊரு மாடு நடக்கும். எங்க சந்து மாட்டுக்குக் கார் வேணும். எறக்குடா தம்பி!"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தகடு இறங்கியது. "மத்தியானம் எடுத்துருவேன்" என்றார் ஷார்ஷென். அக்கா அதன் நடுவில் ஏறி நின்று நோட்டைப் பிரித்துக்கொண்டார். பெட்டியை இழுத்துக்கொண்டு போய் நான் டாக்ஸி ஏறியபோதும் இறங்கியிருக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், நான் சென்னைக்குத் திரும்பிய பிறகு, அவருடைய குரல் செய்தி வந்தது. குழந்தைக்கு நாற்பது நாள் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாதென்று இருந்திருக்கிறார். "வியாழக்கெழம மத்தியானம் ஆம்புலன்ஸ் தகடு மேலதான் போச்சு. பொண்ணு. கறுப்பா, சப்ப மூக்கோட, பாக்கவே சகிக்கல."

கூடவே ஒரு படம். உல்கானின் மடியில் போர்வைச் சுருணை. குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தை முழுக்க மறைத்தபடி, ஜூராகான் அக்காவின் அகன்ற உள்ளங்கை.