பந்தய வண்டியில் தூங்கியவள்

என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்குப் பிறகு அடுத்த வீட்டு வரப்புத் தகராறானாலும் சரி, ஊர்ப் பஞ்சாயத்தானாலும் சரி, யார் வந்து கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன். அழுத்தக்காரி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பா இளமையில் சடுகுடு ஆடியவர். ஒரே மூச்சில் அவர் எவ்வளவு நேரம் பாடிக்கொண்டு நிற்பார் என்பதை அந்தப் பக்கத்தில் கதையாகவே சொல்வார்கள். அதிகமாகச் சொன்னவர் அப்பாதான். எது ஆட்டம், எது ஆட்டமில்லை என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. மூச்சு வாங்க வேண்டும், மேலெல்லாம் மண் ஒட்ட வேண்டும், வேட்டி கிழிய வேண்டும். சீட்டு, தாயம் எல்லாம் அவர் பார்வையில் சோம்பேறித்தனத்தின் வகைகள். நான் பல்லாங்குழியை எடுத்துவைத்தால் போதும், "குந்திக்கினு இன்னா ஆட்டம் அது, எழுந்து ஓடு" என்று காலால் தள்ளிவிட்டுப் போவார்.

காணும் பொங்கலன்று விழுப்புரத்து ஏரிக்கரைப் பொட்டலில் ஓட்டம், சடுகுடு, கல் தூக்குவது என்று பந்தயங்கள் நடக்கும். அப்பாதான் தீர்ப்புச் சொல்கிறவர். ஜெயித்தவன் தலையில் மஞ்சள் தலைப்பாகையைத் தம் கையாலேயே சுற்றுவார். துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைப்பது அக்காவின் வேலை. ஒரு வருஷம் நாலு பேர் புகழ்ந்த மயக்கத்தில் அப்பா எல்லார் முன்னாலும் ஒரு சொல் விட்டுவிட்டார். என் கையால் தலைப்பாகை கட்டிக்கொள்கிறவனுக்குத்தான் என் பெரிய பெண் என்றார். விட்ட சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இதில் வந்து மாட்டிக்கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. வேறு இடம் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் வருகிற நாளில் அக்கா கேப்பைக்களியைக்கூடச் சிரித்துக்கொண்டே கிண்டுவாள். மற்ற நாளில் கிண்டும்போது அவள் மூஞ்சியைப் பார்க்க முடியாது. அம்மா பேச்செடுத்தபோதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"நாளெல்லாம் குந்திக்கினு போய்க்கினு வர்றவன். அவன் ஒடம்புல இன்னா இருக்கும்?"

அந்தத் தடத்தில் இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடின. யார் முந்தி என்று தினமும் வாய்ச்சண்டை. ஒரு பொங்கலுக்கு இரண்டு முதலாளிகளும் பேசி, ஆள் ஏற்றாமல் காலி வண்டியாக ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். திண்டிவனத்தில் ஒன்றாகக் கிளம்பி விழுப்புரத்துப் பொட்டலில் வந்து நிற்க வேண்டும். மாமா ஒரு பஸ்ஸுக்கு டிரைவர். அவர் நேரே அப்பாவிடம் வந்தார்.

"மச்சான், நான் முந்தி வந்தா தலப்பா கட்டுவீங்களா?"

அப்பா சிரித்தார். ஓடுவது வண்டி, உனக்கெதற்குத் தலைப்பாகை என்றார். மாமா விடவில்லை. ஓட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று கூட ஒரு ஆள் உட்கார்ந்து வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. யாரை அனுப்புவது என்று யோசித்தார். பெரியவர்கள் என்றால் மாமாவுக்குச் சாதகமாகப் பேசிவிடுவார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் அவர் கண் என்மேல் விழுந்தது. "இவளுக்குப் பொய் வராது" என்றார். அதை நான் பெருமையாக நினைத்தேன்.

அன்றைக்குக் கோழி கூவும் முன்பே அக்கா என்னை எழுப்பித் தலைசீவிவிட்டாள். முதல் நாள் பொங்கலில் மிஞ்சியதை வயிறு முட்டத் தின்னவைத்தாள். எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கினு வா என்று பத்துத் தடவை சொன்னாள். மாமாவோடு திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

எதிர்ப் பஸ்ஸில் சாட்சியாக ஒரு வாத்தியார் ஏறினார். நான் மாமாவுக்குப் பக்கத்து சீட்டில். மாமா தம் காக்கிக் கோட்டை மடித்து என் தலைக்கு அண்டக் கொடுத்தார். "பயமா இருந்தா சொல்லு புள்ள" என்றார். பிறகு சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாலையெல்லாம் கப்பிக்கல்லும் பள்ளமும். இரண்டு பக்கமும் புளியமரம். கூட்டேரிப்பட்டுக்குக் கிட்டே எதிர்ப் பஸ் ஆரனை அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனதும், அது கிளப்பிய புழுதிக்காக நான் கண்ணை மூடிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது மேளம் கேட்டது. பொட்டலில் நின்றிருந்தோம். மாமாதான் முந்தி வந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மற்ற பஸ் வந்தது. முன் மட்கார்டு நெளிந்திருந்தது. அந்த டிரைவர் வேர்வையில் தொப்பலாக நனைந்து, தண்ணீர் கேட்டுக்கொண்டே இறங்கினான். வாத்தியாரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கூரையில் எத்தனை தடவை இடித்துக்கொண்டார், எங்கெங்கே வாந்தி எடுத்தார், விக்கிரவாண்டிப் பாலத்தில் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஜனம் வாயைப் பிளந்து கேட்டது. தோற்ற டிரைவர் முதுகில் நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள்.

அப்புறம் அப்பா என்னைத் தூக்கி ஒரு மாட்டு வண்டிமேல் நிறுத்தினார். எதிரே பெண்கள் கூட்டத்தில் அக்கா நின்றாள். மடித்த மஞ்சள் துணி அவள் கையில்தான் இருந்தது. மாமா தம் பஸ்ஸின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சட்டை கசங்கக்கூட இல்லை. கைகளை மட்டும் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். குளிர்கிறதோ என்று நினைத்தேன்.

"வர்ற வழியில ஒங்க மாமா இன்னா பண்ணாரு, சொல்லு."

"தெரியலப்பா."

"தெரியலயா? கூடத்தானே குந்தினு வந்த?"

"நான் தூங்கிட்டம்பா."

பொட்டல் முழுக்கச் சிரித்தது. ஏரியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். அப்பா கை தூக்கி அடக்கப் பார்த்து, முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். குழந்தை தூங்கிக்கொண்டு வருகிற பந்தயமும் ஒரு பந்தயமா என்று யாரோ கேட்டார்கள். மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஓட்டுகிறவனும் உட்கார்ந்துதானே இருக்கிறான் என்று ஒரு பெரியவர் மாமாவுக்காகப் பேசிப் பார்த்தார். அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார். "அதனாலதான் அங்க மாட்டுக்கு மாலை போடறோம்" என்றார்.

அப்படியே தீர்ப்பும் ஆயிற்று. ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து பஸ்ஸின் மூஞ்சியில் சாத்தினார்கள். சூட்டில் அது அங்கேயே வதங்கத் தொடங்கியது. மாமாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவரும் அவர்தான். அப்போது அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா கேட்டது அதையில்லையே.

அன்றைக்குக் கல் தூக்கி ஜெயித்த ஒருவருக்கு அப்பா தலைப்பாகை கட்டினார். பிரம்மதேசத்துக்காரர், சொந்தக் காணி உள்ள குடும்பம். வைகாசியில் கல்யாணம். நல்ல மனுஷன், குறை சொல்வதற்கில்லை. கல்யாணத்தன்று அக்கா யாரிடமும் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மாமா முறைக்கு வந்து, செய்ய வேண்டிய சீரைச் செய்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா அப்பாவோடு ஆறு மாசம் சரியாகப் பேசவில்லை. எனக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தார்கள். அப்பா கூப்பிட்டால் கேலி. அம்மா கூப்பிட்டால் அப்படித் தெரியாது. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உலகச் சண்டை ஆரம்பித்ததும் மாமா பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டார். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து அம்மாவுக்குக் காகிதம் வரும். எல்லாரையும் விசாரித்து எழுதுவார், அக்காவைத் தவிர.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஐப்பசி மாசம், அடைமழை விட்டிருந்தது. வலி கண்டு இரண்டாம் நாள் மத்தியானம் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். பெட்ரோல் கிடைக்காத காலம். ஒரு மோட்டாருக்காக அப்பா ஆளை அனுப்பிப் பார்த்தார், வெறுங்கையோடு திரும்பி வந்தான். கட்டை வண்டியில் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்கவைத்தோம். அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கால்மாட்டில். அப்பா ஓட்டினார்.

அப்பா ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. நின்றுகொண்டே மாடுகளை விரட்டினார். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் குதித்துத் தோள் கொடுத்துத் தள்ளினார். வண்டியோடு கூடவே சேற்றில் ஓடினார். மேலெல்லாம் மண், மூச்சு இரைத்தது, வேட்டி முழங்காலில் கிழிந்து தொங்கியது. மாடுகள் வாயில் நுரை தள்ளின. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா கத்தினாள். "மெள்ள, மெள்ள" என்று அம்மா அழுதாள். மெள்ளப் போனால் எப்போது போய்ச் சேருவது என்று அப்பாவும் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும் இல்லை.

சண்டை முடிந்து மாமா திரும்பி வந்தார், அதே தடத்தில் மறுபடியும் பஸ் ஓட்டினார். எத்தனையோ தடவை அவர் வண்டியில் போயிருக்கிறேன், எந்தப் பள்ளத்திலும் அலுங்காது. எனக்குத் தூக்கமே வந்ததில்லை. அக்கா கடைசியாகப் பேசியது இன்னதென்று அவரிடம் நான் சொன்னதுமில்லை.

அன்றைக்குக் கட்டை வண்டியில் ஊர் தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். வலி கொஞ்சம் விட்ட நேரம். அக்கா கண்ணைத் திறந்து கால்மாட்டில் இருந்த என்னைப் பார்த்தாள். நாக்கு வறண்டுபோய்ச் சொல் மெதுவாகத்தான் வந்தது.

"அன்னிக்கு மாமா வண்டியில எப்படிடீ தூங்குன?"

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் எல்லாரும் சொல்லிக் காட்டினார்கள், இவள் ஒருத்திதான் சொல்லாமல் இருந்தாள். இந்த நிலைமையிலும் அதைத்தானா கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"நான் இன்னா வேணும்னா தூங்குனேன்? போக்கா" என்றேன்.

அக்கா வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சக்கரம் அடுத்த பள்ளத்தில் இறங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விழுப்புரம் வரும்வரை அவள் பக்கம் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.