நைனா சொன்ன பச்சை

எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் கிண்டல் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆரம்பித்து வைத்தவர் என் அப்பா, நைனா. அதை முட்டாள்தனம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைனின் கடைசி வீடு எங்களுடையது. அதனால் பக்கவாட்டுச் சுவர் வெயிலையும் மழையையும் நேராக வாங்கும். சுவர் என்றால், மரச்சட்டத்தில் அடித்த நெளிதகரம். வாசலில் தொடங்கி, சமையலறையைத் தாண்டி, பின்னாலிருக்கும் பாத்ரூம் வரைக்கும் போகும். துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாகிவிட்டது. "இந்தச் செவுத்துலயே மாவு சலிக்கலாம்" என்பாள் என் மனைவி.

சிமெண்ட் போர்டு மாட்டலாம் என்று முடிவுசெய்து, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கலர் அட்டை வாங்கிவந்தேன். தினமும் ரயிலேறி பெங்களூர் போய்க் கடைகடையாக ஸ்விட்ச் விற்கிறவன் நான். யாரையும் மடக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

"செவுரு நல்லாத்தான கீது? அதுல ஏன் கைய வெக்கிற?" என்றார் நைனா.

"துரு நைனா. தெரியல?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

விழுந்து விழுந்து சிரித்தேன். அட்டையை வாங்கித் தடவினார். திருப்பினார். ஒன்றுமே அச்சடிக்காத வெள்ளைப் பின்பக்கத்தில் விரலை வைத்து, "இந்தப் பச்சை நல்லாக்கீது" என்றார். மறுநாள் ரயிலில் இதைச் சொல்லி ஒரு பெட்டியையே சிரிக்க வைத்தேன்.

பாத்ரூம் போகும்போதும் வரும்போதும் நைனா சுவருக்கு வெளிப்பக்கமாகத் தகரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே நடப்பார். கரகரவென்று சத்தம் வரும். "பாசஞ்சர் போவுது" என்பேன். சுரங்கத்தில் தலைவிளக்கு அணைந்துவிட்டால், சுவரோரக் குழாயைத் தொட்டபடியே இருட்டில் நடந்து, மேலே ஏற்றிவிடும் கேஜுக்கு வந்துவிடுவோம் என்று பீற்றிக்கொள்வார். பழைய பெருமை, ஓட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிற அக்கா, அவருக்கு லேசாக இருமல் வந்தாலும் "இங்க இட்டுகினு வந்துடறேன்" என்பாள். "பூமிக்குக் கீழ எறங்கி வேல செஞ்சவன் நானு. மேல ஏற மாட்டேன்" என்று போனை வைத்துவிடுவார். அவருக்கு பயம் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒன்பதாவது மாடி ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மேஸ்திரி வந்தார். சட்டம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க, சமையலறைப் பக்கம் மூன்று தகரங்களைக் கழற்றினார். நைனா பாத்ரூமில் இருந்தார்.

"இன்னாடா சத்தம்?"

"பெருச்சாளி நைனா!"

சுவரைக் கழற்றும் வைபவத்தைக் குடும்ப குரூப்பில் போடலாம் என்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரகரவென்று நைனா வந்தார். தகரம் தீர்ந்த இடத்தில் சத்தம் நின்றது. அவருடைய கை காற்றில் துழாவியது.

"இன்னா நைனா, கேஜுக்கு நிக்கிறியா?" என்றேன். மேஸ்திரி சிரித்தார்.

சுவர் முடிந்தால் வாசல். அது அவர் கணக்கு. திரும்பிக் காலெடுத்து வைத்தார். அடிச்சட்டம் முழங்காலுக்குக் கீழே இடித்தது. அப்படியே சமையலறைக்குள், என் மனைவியின் காலடியில் போய் விழுந்தார். என்ன நடிப்பு! சிரிக்கிற பொம்மைகள் நாலைந்து சேர்த்து அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டேன். போட்ட பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, மாமாவுக்குக் கண்ணு தெரியலைங்க!"

தூக்கி உட்கார வைத்தோம். காலில் ரத்தம்.

"எத்தினி நாளா நைனா?"

"போன மழையிலேந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே, ஒண்ணும் தெரியலன்னு. நீதான் சிரிச்ச." பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்காவுக்கு மட்டும் சொல்லாதடா."

அந்தக் கையில்தான் மொபைல் இருந்தது. அடித்தது. அக்கா. எங்கள் வீட்டில் கிண்டல் புரியாத ஒரே ஆள் அவள். வீடியோவை ஒரு தடவை பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கே தகரங்களைத் திரும்ப மாட்டச் சொன்னேன், ஏதோ அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. அடுத்த ஞாயிறு அக்கா காரோடு வந்தாள். கெஞ்சிப் பார்த்தேன். "நீ பாத்துகினியா? வீடியோதான புடிச்ச?" என்றாள். யாரையும் மடக்குகிற நான், நைனாவின் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

கிளம்புவதற்கு முன் நைனா பாத்ரூம் போய்விட்டுத் தகரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார்.

"மூணு தகரத்த தலகீழா மாட்டிக்கீறான்."

சிரிக்கப் பார்த்தேன். இந்தத் தடவை போய்ப் பார்த்தேன். மேலே இருக்கவேண்டிய பழைய ஆணி ஓட்டைகள் கீழே இருந்தன.

காரில் ஏறி உட்கார்ந்து, "இப்ப மாத்திக்கடா, வேணான்னு சொல்ல ஆளில்ல" என்றார்.

"இன்னா கலரு நைனா?" பாழாய்ப்போன வாய், பழக்கதோஷம்.

"பச்சைன்னு அன்னைக்கே சொன்னேன் இல்ல?"

பச்சை போர்டே மாட்டியாச்சு. வழவழவென்று இருக்கிறது. அக்கா மொபைலுக்கு போட்டோ அனுப்பி, நைனாவிடம் காட்டச் சொன்னேன். அனுப்பிய பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

காட்டினாளாம். வாங்கித் தடவிப் பார்த்தாராம். நல்லாக்கீது என்றாராம்.