பென்டிரைவில் ஏறிய குரல்

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் நான் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் என்றால், முந்தின நாள் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிவிப்பேன். நானும் மலையடிவாரத்துப் படவேட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் மைக்கைக் கையில் பிடித்தால் வாயில் அலுவலகத் தமிழ் வந்துவிடும். "இரத்தசோகை கண்டறியும் சிறப்பு முகாம் நடைபெற உள்ளது" என்பேன். மறுநாள் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். மலையிலேயே பிறந்தவள்; என்னைவிடப் பத்து வயது இளையவள். சொந்த நிலத்தில் சாமை போட்டு, வாரச் சந்தையில் புளியோடு சேர்த்து விற்பாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. நீங்க பேசறது டிவில நியூஸ் படிக்கற மாதிரி கீது. நமக்கு இல்லன்னு போய்ட்றாங்க."

"பின்ன இன்னான்னு சொல்றது?"

புளியில் கொட்டை எடுப்பதை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "தல சுத்துதா, மேடு ஏறினா மூச்சு வாங்குதா, மண்ணு துன்னணும்னு தோணுதா, வந்து ஒரு சொட்டு ரத்தம் காட்டிட்டுப் போ. அவ்ளோதான்."

மண் தின்னத் தோன்றுவது நான் படித்த அறிகுறிதான். ஒரு அறிவிப்பில்கூட அதைச் சொன்னதில்லை. "நீயே பேசிக் குடும்மா" என்றேன்.

செல்போனில் பதிந்து பார்த்தோம். ஜீப் ஒலிபெருக்கியில் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு ஸ்டீரியோ ரிசீவர் உண்டு. ஆலங்காயத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கும் என் கணவர், பாட்டுக் கேட்பதற்காக வாங்கியது. ரேடியோ, டிவியின் செட்டாப் பாக்ஸ், மைக் எல்லாம் அதன் பின்னால் செருகியிருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் பெயர் முன்பக்கத்துச் சின்னத் திரையில் தெரியும்; பொத்தானை அழுத்தினால் அந்தச் சத்தம் பென்டிரைவில் பதிவாகும். பெயர்களை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து உட்கார வைத்தோம். மைக் ஊளையிடாமல் இருக்க ஸ்பீக்கரை நிறுத்தினார் கணவர். திரையில் 'மைக்' என்று ஆங்கிலத்தில் வந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் அரைமணி நேரம், ஊர் ஊராகப் பெயர் மாற்றிப் பேசினாள். போட்டுக் கேட்டால் ஒரு சீரியல் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் பட்டுப்புடவை விளம்பரம் வேறு.

தூசி தட்டும்போது கணவர் ஒயர்களைக் கழற்றி, மைக் இருந்த இடத்தில் டிவி ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறார். திரையில் பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள்தான் சிரித்தாள். "அந்த மாமியார அனுப்புனா இன்னும் கூட்டம் வருங்க்கா."

கணவர் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதினார். பிறகு திரைப் பெயர்களைத் திருத்த உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இதுல இன்னா பேரு வேணா போடலாமா?"

"எட்டு எழுத்துக்குள்ள இருந்தா போடலாம்மா."

"அப்ப மைக்குக்கு என் பேரு போடுங்க. மாறாது இல்ல?"

போட்டார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவள், பச்சை வெளிச்சத்தில் நின்ற அந்த ஐந்து எழுத்துகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் மதியம் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து முழுவதையும் திரும்பப் பேசினாள். நடுவில் அவள் ஆடு கத்தியது. அதை நாங்கள் வெட்டவில்லை.

சந்தை நாளில் அவள் குரலை ஜீப்பில் போட்டோம். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, பேசுவது யார் என்று சுற்றிலும் தேடினார்கள். மறுநாள் முகாமில் பெஞ்சு போதாமல் தார்ப்பாய் விரித்தோம். அதில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மாமியாருக்குத் தெரியாமல் என் காதருகே வந்து கேட்டாள்: "மண்ணு துன்றத பத்தி ஒரு அக்கா பேசிச்சே, அது நெசமா?" அவள் உதடு வெளுத்திருந்தது. ரத்த அளவு மிகவும் குறைவு. அன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சில மாதம் கழித்துப் பிரசவம் முடிந்து, தாயும் பிள்ளையுமாக நல்லபடியாகத் திரும்பி வந்தாள்.

அந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டில் சொன்னபோது அவள் கையிலிருந்த புளியை ஒதுக்கி வைத்தாள்.

"பெரியவன் வயித்துல இருந்தப்ப நானும் துன்னேங்க்கா. அடுப்பு மண்ணு. வெக்கமா இருந்துச்சி, யாருகிட்டயும் சொல்லல."

மூன்று வருடம் ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்திருக்கிறேன். நான் கேட்டதில்லை. தன் வெட்கத்தை எடுத்து இந்த மலை முழுக்கக் கேட்கும்படி அவள் கொடுத்திருக்கிறாள், எனக்காகவும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்காகவும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் பேச்சைப் பழகிக்கொண்டு நானே அறிவிக்கிறேன். கிளம்புவதற்கு முன் அவளிடம் ஒருமுறை பேசிக் காட்டுவேன். போன வாரம்கூட நிறுத்தினாள். "'வருகை தரவும்' வேணாங்க்கா. 'வந்துட்டுப் போ'ன்னு சொல்லுங்க." அப்படியே சொன்னேன்.