ஐந்தரைக் கிலோ

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு கேக்குக்கு மா நிறுப்பதற்காக வாங்கப்பட்டது. எனக்கு ஒன்பது வயதான கோடையில் அது கேக்கை மறந்துவிட்டு, அம்மாவின் காலுறை, துவாய், சவர்க்காரம் என்று மூன்று வாரமாக நிறுத்துக்கொண்டிருந்தது. நிறுப்பது நான். கொப்பியில் எழுதுவதும் நான். பள்ளிக்கூட விடுமுறையில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. இன்றைக்கு நான் பார்க்கும் எந்த வேலையையும் அத்தனை மிடுக்கோடு பார்ப்பதில்லை.

அம்மா நடக்கப் போகிறார். டேனிஷ் நகரமான ஓகூஸில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து, யூலாந்துக் குடாநாட்டின் நடுவில் இருக்கும் அம்மன் கோயில்வரை. காரில் போனால் ஒன்றேகால் மணித்தியாலம். தேருக்கு முதல்நாள் போய்ச் சேருகிற மாதிரி நான்கு நாள் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். தனியாக.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பஸ்காரன் பெண்சாதி நடந்துபோனால் ஊர் சிரிக்கும் என்று முதலில் பகிடி விட்டுப் பார்த்தார். அது எடுபடவில்லை. இடியப்பத்தையும் சம்பலையும் காரில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வருகிறேன் என்றார். அதுவும் எடுபடவில்லை. அடுத்த கட்டடத்தில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, துணைக்கு மூன்று பெண்களைத் தயார்படுத்திக்கொண்டு வந்தார். அம்மா அவர்களுக்கு நல்ல தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நல்லபடியாக அனுப்பிவைத்தார்.

“தனியத்தான் போறன், மச்சாள்” என்றார். அவ்வளவுதான். அம்மா குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. உயர்த்தாமல் சொன்னதை யாராலும் அசைக்க முடிந்ததும் இல்லை.

அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில், ஸ்பெயினில் ஒரு மாதம் யாத்திரை நடந்துவிட்டு வந்த டேனிஷ்காரி ஒருவர் இருந்தார். உடம்பின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முதுகில் ஏறக்கூடாது என்பது அவர் கொடுத்த சட்டம். அம்மாவைக் குளியலறைத் தராசில் ஏற்றி நானே வாசித்தேன்: ஐம்பத்தைந்து. ஆகவே ஐந்தரைக் கிலோ. பைக்கும் தண்ணீருக்கும் சேர்த்து.

வெறும் ஐஸ்கிரீம் டப்பாவைக்கூட எறிய மனம் வராத அம்மா, அந்த மூன்று வாரமும் வேறொரு ஆளாக இருந்தார். நான் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவேன். “வேணும்”, “வேண்டாம்” என்று பதில் வரும். இரண்டாம் தடவை பார்க்கமாட்டார். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாண் வெட்டும் கத்தியால் பாதியாக அறுத்தார். துவாயை நாலாகக் கிழித்து ஒரு துண்டை எடுத்தார். மாற்று உடுப்பு ஒன்று, காலுறை இரண்டு சோடி, மழைக்கு ஒரு பொலித்தீன். சேலையைக் காரில் கொண்டுவரும்படி அப்பாவிடம் கொடுத்தார். காலணிக்குள் ஈரம் போகாமல் பாண் பையை எப்படிச் சுற்றுவது என்றுகூட அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் அந்த டேனிஷ்காரிதான் படிப்பித்திருக்க வேண்டும் என்று நினைத்து, அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று.

இதற்கிடையில் செய்தி பரவிவிட்டது. எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எங்கேயாவது புறப்பட்டால் அவர் கையில் ஒரு பார்சல் கொடுக்காவிட்டால் மனம் ஆறாது. கனடாவுக்குப் போகிறவரிடம் மிளகாய்த்தூள், கொழும்புக்குப் போகிறவரிடம் சொக்லேட். அம்மா போவதோ அம்மாளிடம். ஒருவர் விளக்குக்கு நல்லெண்ணெய் ஒரு லீற்றர் கொண்டுவந்தார். இன்னொருவர் சாத்துவதற்குப் பட்டுச்சேலை. மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த ஒருவர் ஐந்து தேங்காய். சுவாமிக்குக் கொடுப்பதை யார் வேண்டாம் என்பது? அம்மா எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி வாசல் நடையில் அடுக்கினார். நான் நிறுத்துப் பார்த்தேன். பதினொரு கிலோவுக்கு மேல். எனக்குத் தலை சுற்றியது.

“எல்லாம் அப்பா காரிலை கொண்டுவருவார்” என்றார் அம்மா. “அம்மாள் சாமானைத்தான் கேட்டவா. என்ரை முதுகிலை வரோணும் எண்டு கேக்கேல்லை.”

மாமிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கள் மேசையில் வந்து இருந்து, நேராகவே கேட்டார்.

“உமக்கு என்ன நேர்த்தி? என்ன கிடைச்சதுக்கு இந்த நடை?”

“ஒண்டும் கிடைக்கேல்லை, மச்சாள்.”

“கிடைக்காமல் ஆரும் நேர்த்தி கட்டுவினமே? அம்மாள் தந்தால்தானே நாங்கள் குடுக்கிறது.”

அம்மா என் கொப்பியை எடுத்துக் கூட்டல் சரியா என்று பார்க்கத் தொடங்கினார். அப்பா அவசரமாக மாமியைப் புதுக் கார் பற்றிய கதைக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமி சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது பை ஐந்து கிலோ நானூற்று எண்பது கிராமில் நின்றது. வெற்றி. அன்று பார்த்து வானிலை அறிக்கையில் மழை என்றார்கள். குடையை நிறுத்தேன்: முந்நூற்றுப் பத்து. பைக்குள் போனால் சட்டம் உடையும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, குடையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அது பையின் கணக்கில் வராதே என்று பெருமையாகச் சொல்லி, அம்மாவின் கையில் அதைத் திணித்தேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. குடையைச் சாமான் அறைக்குள் எறிந்தார். அவர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

“கையிலை ஒண்டும் வேண்டாம். என்ரை ரெண்டு கையும் சும்மா இருக்கோணும். விளங்குதோ?”

விளங்கவில்லை. “வொஃபோ?” என்று கேட்டேன். ‘ஏன்’ என்று தமிழில் கேட்டால் ஏச்சு விழக்கூடிய நேரங்களில் நான் டேனிஷுக்குத் தாவிவிடுவேன். அம்மா சாமான் அறையின் கதவைச் சாத்தினார். மூன்று வாரம் உண்மையாக உழைத்த உத்தியோகத்தருக்கு இதுதான் மரியாதையா என்று கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன்.

புறப்பட்ட காலையில் மாமி வாசலில் நின்றார். கையில் சீலைப் பை, அதற்குள் மஞ்சள் பூசிய ஒரு தேங்காய்.

“மற்றதெல்லாம் காரிலை வரட்டும். இது நீர் நடந்து கொண்டுபோறது. கையிலை பிடியும்.”

“குறை நினையாதேங்கோ, மச்சாள். கையிலை ஒண்டும் கொண்டுபோகமாட்டன்.”

“அம்மாளுக்குக் கொண்டுபோற தேங்காய் உமக்குப் பாரமோ?”

“பாரமில்லை. எனக்குக் கை வேணும்.”

என்னத்துக்கு என்று மாமி கேட்பதற்குள் அம்மா படியிறங்கிவிட்டார். தேங்காய் அப்பாவின் கைக்கு வந்தது.

பிராப்ராண்ட் ஏரிவரை நானும் அப்பாவும் கூடப் போனோம். அப்பா தேங்காயோடு பின்னால் வந்தார். சைக்கிளில் போனவர்கள் எல்லாம் அந்தத் தேங்காயைத்தான் பார்த்தார்கள். நான் அம்மாவின் வலது பக்கத்தில் நடந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சைக்கிள் பாதைக்குள் ஓடிவிடுவேன் என்ற பயமாக்கும் என்று நினைத்தேன். நோகுது என்றேன். கொஞ்சம் இளக்கினார், விடவில்லை. ஏரிக்கரையில் என்னை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார்.

நாலாம் நாள் பின்னேரம், சொன்ன நேரத்துக்கு, அம்மா கோயில் வாசலுக்கு வந்தார். இரண்டு நாள் மழையில் நனைந்திருந்தார். குதிக்காலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிப்போயிருந்தது. வாளியில் தண்ணீர் எடுத்துவந்து அம்மாவின் காலைக் கழுவியவர் மாமிதான். கழுவும்போது மாமி அழுதார். அம்மா அழவில்லை.

போன வருடம் அதே பாதையில் நடக்க எனக்கு ஆசை வந்தது. பழைய தராசை எடுத்துவைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். நான் கையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைக் கண்டதும் அதை வாங்கிப் பையின் பக்கத்தில் செருகினார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து, நடந்ததைச் சொன்னார்.

போர் நெருங்கி ஊர் முழுக்க ஒரே வீதியால் வெளியேறிய நாளில் அம்மாவுக்குப் பதினாறு வயது. பெற்றோர் முன்னால் மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவின் ஒரு கையில் தையல் மெசினின் தலை. வீட்டில் விலை கூடிய சாமான் அதுதான். மறு கையில் அரிசிப் பை. ஆறு வயதுத் தம்பி பிடித்துக்கொள்ளக் கை கேட்டான். “கை இல்லையடா, சட்டையைப் பிடிச்சுக்கொண்டு வா” என்றாராம். மழை. பாலத்தில் சனம் நெருக்கியது. பாலத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. தையல் மெசின் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவன் கிடைத்தால் கோயிலுக்கு நடந்து வருவேன் என்று அன்றைக்கு வைத்ததுதான் அந்த நேர்த்தி.

“கிடைச்சால் நடக்கிறன் எண்டு எத்தனை வருசம் இருக்கிறது, பிள்ளை? ஒருக்கா எண்டாலும் அந்த நடையை ஒழுங்கா நடக்கோணும் எண்டு நினைச்சன்” என்றார் அம்மா.

அன்றிரவு என் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். நிறைகள் எல்லாம் என் கோணல் எழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில், ஏரிக்கரையில் நின்று எழுதிய ஒரு குறிப்பு. அன்றைக்கு அம்மா போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கை நடைக்கு ஏற்ப வீசியது. வலது கை மட்டும் வீசவில்லை. உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் பாதி மடிந்து, அப்படியே நின்றது. நான் அப்பாவிடம் பென்சில் வாங்கி, பொறுப்போடு எழுதியிருக்கிறேன்: “பை வலப்பக்கம் பாரம் கூட. எங்கேயோ பிழை விட்டுவிட்டேன். அம்மா வந்ததும் திரும்ப நிறுக்க வேண்டும்.”