லா ஷப்பேலில் பன்னிரண்டு கிழவிகள்

1986 மே மாதம், ஒரு சனிக்கிழமை. மாலை நாலரை மணிக்கு நானும் என் அண்ணன் ஆரோக்கியமும் சென் தெனியில் மெட்ரோ ஏறினோம். காரைக்காலில் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிற நான் கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ப்ளாஸ் து க்ளிஷியில் வண்டி மாறினோம். கொஞ்ச நேரத்தில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, இரும்புத் தூண்களின் மேல், வீடுகளின் ஜன்னல்களை உரசுவது போல ஓடியது. ஒரு சமையலறையில் ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எட்டினால் கை கொடுத்துவிடலாம் போல இருந்தது. அடுத்தது லா ஷப்பேல், எழுந்திரு என்றார் அண்ணன்.

எங்கே போகிறோம் என்று அதுவரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. கிரேக்க நாடகம் என்றார். பிரெஞ்சில் நடக்கும் என்றார். நடிப்பவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், யோகன் என்று பேர் என்றார். இந்த மூன்றையும் என்னால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

யோகன் ரூ து ஃபொபூர் சென் தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்தார். முப்பது வயது இருக்கும். பப்பியே என்று அவர்கள் சொல்லும் குடியிருப்புக் காகித விஷயங்களுக்காக அரசு அலுவலகம் போகும்போதெல்லாம் பிரெஞ்சு பேச அண்ணன்தான் துணைக்குப் போவார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் எனக்கு வணக்கம் சொல்லி இரண்டு தேநீர் வைத்தார். போய்த் திரும்பி வந்து, முதல் கோப்பை ஆறுவதற்குள் இன்னும் இரண்டு வைத்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து என்ன விஷயம் என்று கேட்டார்.

ஊரிலிருந்து படகில் ராமேசுவரம் பக்கம் கிளம்பிய அவருடைய தம்பி சேகரைப் பற்றித்தான் கவலை. போன வாரம் தொலைபேசியில் ஒருவர், பையன் பத்திரமாகக் கரையேறிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் புதிதாகப் பாரிஸ் வந்த இன்னொருவர், அந்தப் படகு கவிழ்ந்துவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பேருமே நேரில் பார்த்தவர்களா என்று யோகனுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நாடகத்துக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். யோகன் கேட்கவில்லை. அறையில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார்.

ஆறரை மணி. ஸ்டாலின்கிராட் பக்கம், தண்டவாளங்களுக்கு அருகில், பழைய சரக்குக் கொட்டகை ஒன்றை அரங்காக மாற்றியிருந்தார்கள். நுழைவுச் சீட்டு முப்பது பிராங்க், நம் காசுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல். மேடை கிடையாது. சுண்ணக்கட்டியால் தரையில் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மரச் சுவரும் பெரிய கதவும். அதுதான் அரண்மனையாம். மூன்று பக்கமும் படிப்படியாகப் பலகை இருக்கைகள்.

நாடகத்தை நடத்தும் எலேன் என்ற அம்மாள் முதலில் வந்து பழைய கிரேக்கர்களின் முறைகளை விளக்கினார். அண்ணன் காதோடு மொழிபெயர்த்தார். கதை புதிதாக எழுதியது, கட்டுப்பாடுகள் மட்டும் பழையவை. எல்லோருக்கும் முகமூடி. எத்தனை பாத்திரம் இருந்தாலும் நடிகர்கள் மூன்றே பேர், அவர்களும் ஆண்கள். வட்டத்துக்குள் நிற்கும் குழுவில் பன்னிரண்டு பேர், எல்லோரும் கதை நடக்கும் நாட்டின் கிழவிகள். பாடலாம், அழலாம், புத்தி சொல்லலாம். நடப்பதைத் தடுக்க மட்டும் அவர்களால் முடியாது. சாவு எதுவும் கண்ணெதிரே நடக்காது. ஒரு தூதன் வந்து சொல்வான். தூதன் சொன்னால் அது நடந்ததுதான், அவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நம் கூத்திலும் ஆண்கள் பெண் வேஷம் கட்டுகிறார்கள், அது எனக்குப் புதிதில்லை. ஆனால் பன்னிரண்டு கிழவிகள் ஒரே மாதிரி வெள்ளை முகமும் கறுப்பு அங்கியுமாக உள்ளே வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. தமிழர், அரபுக்காரர், ஆப்பிரிக்கர், பிரெஞ்சுக்காரர் என்று அந்தப் பேட்டையில் கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்திருந்தார்கள். யோகன் யார் என்று அண்ணனைக் கேட்டேன். இடமிருந்து மூன்றாவது என்றார். அவர்கள் வட்டமாக நடந்து ஒரு வரி பாடிவிட்டு நின்றதும், இப்போது தெரியவில்லை என்றார்.

ஒரு ராணி. அவள் மகன் கடல் தாண்டிப் போருக்குப் போகிறான். விடைபெற்றுக்கொண்டு கதவு வழியாகப் போனான். நீண்ட கைகள், லேசாக ஒரு தோளைச் சாய்த்து நடக்கிற நடை. ராணி காத்திருக்கிறாள், கிழவிகள் பாடுகிறார்கள். பிறகு பழுப்பு முகமூடியோடு ஒருவன் ஓடிவந்தான். அதே கைகள், அதே தோள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மகன் வந்துவிட்டான் என்று அண்ணனிடம் சொன்னேன். அது மகன் இல்லை, தூதன், ஆள் மட்டும் அதே ஆள் என்றார் அண்ணன். தூதன் கப்பல் உடைந்த கதையைச் சொல்லத் தொடங்கினான். செத்தவனே வந்து தான் செத்த செய்தியைச் சொல்கிறான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தூதன் நீளமாகப் பேசினான். அலை எவ்வளவு உயரம், பாய்மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்றெல்லாம் சொல்கிறான் என்றார் அண்ணன். அப்போது வட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ கண்ணாலை கண்டனியோ?"

தமிழில். அரங்கில் அது புரிந்தவர்கள் எத்தனை பேரோ. தூதன் நின்றான். எந்த முகமூடிக்குப் பின்னாலிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். பன்னிரண்டு முகங்களும் வாய் திறந்தபடியே இருந்தன, அவை செய்யப்பட்டதே அப்படித்தான். பிறகு ஒரு கிழவி வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்து மறுபடியும் கேட்டாள். "சொல்லு. நீ கண்டனியோ, இல்லாட்டி ஆரும் சொல்லக் கேட்டனியோ?"

அந்த நடிகர் பாவம், கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரல் மட்டும் தாழ்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிழவியின் கை, அது ஓர் ஆப்பிரிக்கரின் கை, யோகனின் தோளைப் பிடித்து மெல்ல வரிசைக்குள் இழுத்துக்கொண்டது. அண்ணன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் வெகுநேரம் கைதட்டினார்கள். தமிழில் வந்த அந்தக் கேள்வியும் நாடகத்தில் உள்ளதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எலேன் அம்மாள் யோகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினார். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்க வேண்டும், அவ்வளவு நன்றாக இருந்தது என்கிறார் என்று அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார். பிறகு அண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைப் பிரெஞ்சில் விளக்க, அந்த அம்மாளின் முகம் மாறியது. கையை விடாமலேயே அப்படியே நின்றார். யோகன் முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. வாய் தவறி வந்துவிட்டது, குழப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார்.

வெளியே வந்து லா ஷப்பேல் நிலையம் வரை நடந்தோம். மேலே ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. படிக்கட்டடியில் யோகன் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்கடை ஊரிலை இருந்து மண்டபம் முகாம் தூரமோ?"

பஸ்ஸில் ஒரு நாள் ஆகும் என்றேன்.

"ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஆக்கள் சொல்லுறதைக் கேட்டு எழுத வேண்டாம். அவனைக் கண்டா மட்டும் எழுதுங்கோ."

ஜூன் மாதம் திரும்பினேன். விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. காரைக்காலுக்கு வந்த மறுவாரமே நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று பஸ் மாறி மாறி மண்டபம் போய்ச் சேர்ந்தேன். கிட்டத்தட்ட இருநூற்றைம்பது கிலோமீட்டர். அகதிகள் முகாம் வாசலில் சேகர் என்ற பெயரைச் சொன்னதும் மூன்று பேரைக் கூட்டிவந்தார்கள். முதல் இருவரும் வேறு ஊர்க்காரர்கள். மூன்றாமவன் இருபது வயதுப் பையன், கையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். யோகன் எழுதித் தந்திருந்த தகப்பன் பெயர் சரியாக இருந்தது, ஊர் சரியாக இருந்தது. கவிழ்ந்தது அவர்களுக்குப் பின்னால் வந்த படகாம்.

நான் பாரிஸ் கதையைச் சொன்னேன். வட்டம், முகமூடி, பன்னிரண்டு கிழவிகள், கடைசியில் அந்தக் கேள்வி. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

"நீங்கள் ஆளை மாறிக் கண்டிருக்கிறியள், ரீச்சர். எங்கடை அண்ணை நாலு பேருக்கு முன்னாலை வாய் திறக்காது."

அவர்தான் என்றேன். முகமூடி கழற்றியதைப் பார்த்தேன் என்றேன். தோள் உயரம், குரல், தேநீர் வைக்கிற அவசரம் எல்லாம் சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தான். பிறகு நிமிர்ந்து, அந்த நாடகத்திலே கப்பலில் போன பொடியன் உண்மையாகவே செத்துப்போனானா, கடைசியில் திரும்பி வந்தானா என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு என் அண்ணன் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை என்றேன்.